ஒரே ஊடு, நாலு அளவு

மார்ச்சு மாசம் பொறந்தா நம்ம பக்கம் ரெண்டு சூடு கெளம்பும் கண்ணு. ஒண்ணு வெயிலு. இன்னொண்ணு பட்ஜெட்டு கூட்டம். சேலத்துல கூட்டுவாங்க, நாமக்கல்லுல கூட்டுவாங்க, ராசிபுரம், திருச்செங்கோடு, எடப்பாடின்னு ஒரு ஊரு பாக்கியில்லாம கூட்டுவாங்க. வெயிலுக்காச்சும் நுங்கு இருக்குது. இதுக்கு என்ன மருந்து இருக்குது சொல்லு?

நீயும் போன்ல பாத்திருப்ப. ஒருத்தரு தடிப்புஸ்தகத்தைத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிப்பாரு. பக்கத்துல நிக்கறவங்க எல்லாம் அதைத் தொட்டுக்கிட்டு நிப்பாங்க. சால்வை போடுவாங்க. அந்தாண்ட எதிர்க்கட்சிக்காரங்க கருப்புச் சட்டை போட்டுக்கிட்டு, கையில அட்டையைப் புடிச்சுக்கிட்டு நிப்பாங்க. பத்து நிமிசம் சத்தம். அப்புறம் வெளிநடப்பு. போட்டோக்காரரு எடுத்து முடிச்ச கையோட கோவமும் தணிஞ்சுரும், நேரா டீக்கடை. உள்ள இருக்கறவங்க மேசையைத் தட்டுவாங்க. தீர்மானம் நிறைவேறிருச்சு. கோடிக்கணக்குல வரவு, கோடிக்கணக்குல செலவு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால எல்லாம் முடிஞ்சுருது.

அந்தப் புஸ்தகத்தைப் படிச்சவங்க கையைத் தூக்குங்கன்னு சொன்னா எத்தனை கை மேல போவும்? நெனச்சுப் பாரு. நெனச்சுட்டு சிரிக்காத. நீயும் படிக்கலைல்ல?

இப்ப உனக்குக் கோவம். ‘தாத்தா, மறுக்கா வரி ஏத்திப்புட்டாங்க’ன்னு போனைத் தூக்கிட்டு ஓடியாற. சரி, உக்காரு. தண்ணி குடி. எவ்வளவு ஏத்துனாங்கன்னு கேட்டா, ‘நெம்ப’ங்குற. நெம்பன்னா எத்தனை ரூவா? முழிக்கிற. ரூவா தெரியாம வர்ற கோவத்துக்கு என்ன பேரு வைக்கறது? பெட்ரோலு எத்தனை காசு ஏறுச்சுன்னு தூக்கத்துல கேட்டாக் கூட சொல்ற. ஊட்டு வரி ரசீது எங்க இருக்குதுன்னு கேட்டா, அம்மாவைக் கூப்புடுற.

நாஞ்சொல்றேன் கேளு. சென்னையைத் தவுத்து மத்த ஊருகளுக்கு 2008ல வரியைத் திருத்துனாங்க. அதுக்கப்புறம் பத்து வருசம் யாரும் தொடலை. தொட்டா ஓட்டுப் போயிரும்ல? 2018 ஜூலையில திடீர்னு முழிப்பு வந்துச்சு. குடியிருக்கற ஊட்டுக்கு 50 சதம் வரைக்கும், கடைகண்ணிக்கு 100 சதம் வரைக்கும்னு ஏத்துனாங்க. ஒலகமே போராடுச்சு. 2019 நவம்பர்ல, உள்ளாட்சித் தேர்தல் பேச்சு அடிபட்ட நேரத்துல, ‘நிறுத்தி வைக்கிறோம், எச்சா கட்டுனது அடுத்த அரையாண்டுல கழிஞ்சுரும்’னுட்டாங்க. நோட்டீசு வந்ததும் ஓடிப்போயி வரிசையில நின்னு கட்டுனவன் பேக்கு மாதிரி நின்னான். கட்டாம இழுத்தடிச்சவன் மீசையை முறுக்கிக்கிட்டு, ‘நாந்தான் சொன்னனே’ன்னான். ஊரு அன்னிக்கு ஒரு பாடம் படிச்சுக்கிச்சு. நல்ல பாடமில்லை.

அப்புறம் 2022. பிப்ரவரியில தேர்தலு. மார்ச்சு 2ஆம் தேதி மெம்பருங்க பதவியேத்தாங்க. போட்ட மாலை வாடறதுக்குள்ள, அதே மார்ச்சு மாசக் கடைசியில வரி ஏறுச்சு. நம்ம மாதிரி ஊருகளுக்கு 600 சதுரடி வரைக்கும் 25 சதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100. கடைன்னா 100. ஆலை, பள்ளிக்கூடம்னா 75. ஏன்னு கேட்டா, டெல்லியில 15ஆவது நிதிக்குழு சொல்லிருச்சு, சொத்து வரியைச் சீர்படுத்தாத ஊருக்கு மானியம் கெடையாதுன்னு. மாநிலம் டெல்லியைக் காட்டுச்சு, மாநகராட்சி மாநிலத்தைக் காட்டுச்சு, வார்டு மெம்பரு வானத்தைக் காட்டுனாரு.

இதுல வேடிக்கையைப் பாரு. 2018ல ஏத்துன கட்சி 2022ல தெருவுல எறங்கிப் போராடுச்சு. 2018ல போராடுன கட்சி 2022ல ஏத்துச்சு. கொடி மாறுச்சு, கோசம் மாறலை. 2024ல இன்னொரு 6 சதம் ஏறுனப்ப மனிதச் சங்கிலியும் நின்னுச்சு. மைக்செட்டுக்காரனுக்கு மட்டும் எல்லாத் தடவையும் வாடகை வந்துருச்சு. இந்த ஊர்ல வரியால நேரா வாழ்ந்தவன்னா அவந்தான்.

சரி, உன் கணக்குக்கு வருவோம். உங்க ஊட்டுக்கு முந்தி அரையாண்டுக்கு 1,000 ரூவான்னு வச்சுக்க. 50 சதம் ஏறி 1,500. அதுக்கு மேல 6 சதம் போட்டா 1,590. 2024ல ஏறுனது 90 ரூவா. ஆறு மாசத்துக்கு. மாசத்துக்கு 15 ரூவா. சேலம் அஞ்சு ரோட்டுல ஒரு டீ. அதுவும் பன்னு இல்லாம. இதுக்கா கண்ணு நீ ஸ்டேட்டசு போட்ட?

அவசரப்படாத, மீதியையும் கேளு. அரையாண்டு பொறந்த மொத மாசத்துலயே, ஏப்ரல்ல ஒண்ணு அக்டோபர்ல ஒண்ணுன்னு கட்டிப்புட்டா, 5 சதம் கழிச்சுக்குவாங்க. உச்சவரம்பு 5,000 ரூவா. உங்க 1,590க்கு 79 ரூவா 50 காசு திரும்புது. ஏறுன 90ல பத்துரூவா போவ மிச்சமெல்லாம் கைக்கு வந்துருச்சு. இதை எந்த மேடையிலயாச்சும் எவனாச்சும் சொன்னானா? சொல்ல மாட்டான். அப்புறம் போராட்டத்துக்கு ஆள் எப்படி வரும்? கட்டாம இழுத்தா மாசத்துக்கு 1 சதம் வட்டி ஏறும். அதையும் எவனும் சொல்ல மாட்டான்.

அதுக்காக 6 சதம் சும்மான்னு நெனச்சுக்காத. வருசா வருசம் ஏத்திக்கலாம்னு விதியில எடம் வச்சிருக்கறாங்க. வருசம் தவறாம 6 சதம் ஏறுனா பன்னெண்டே வருசத்துல வரி ரெண்டு மடங்கு. கந்துவட்டிக்காரன் கிட்ட கேளு, மனக்கணக்காவே சொல்லுவான். ஆவ, இன்னிக்கு டீக்காசுன்னு சிரிக்கறவனும் பேக்கு, இன்னிக்கே குடி முழுவிப்போச்சுன்னு கத்தறவனும் பேக்கு. சரி, ரெண்டு மடங்கு குடுத்தா ரெண்டு மடங்கு சாக்கடை அள்ளுவாங்களான்னு கேக்கறவன்தான் நம்ம ஆளு. அந்த ஆளை எங்க தேடறதுன்னுதான் தெரியலை.

இப்ப உன் பக்கத்து வெசயத்துக்கு வாரேன். மூஞ்சியை அந்தாண்ட திருப்பாத.

உங்கொப்பன் ஊடு கட்டுனான்ல? பால் காய்ச்சுனப்ப பத்திரிகை அடிச்சாங்க. ‘இல்லம்’னு கூட போடலை, ‘மாளிகை’ன்னு போட்டாங்க. வந்த ஒறம்பறைக்கெல்லாம் ஆசாரத்துலருந்து மொட்டை மாடி வரைக்கும் சுத்திக் காட்டி, 2,400 சதுரடின்னாங்க. பேங்குல கடன் கேட்டப்பவும் 2,400தான், அதுல சந்தேகமே இல்லை. உங்கக்காளுக்கு மாப்ளை ஊட்டுக்காரங்க வந்தப்ப போர்டிகோ, மாடிப்படி, பொடக்காளி எல்லாம் சேந்து 3,000 ஆயிருச்சு. அப்புறம் சொத்து வரி பாரம் வந்துச்சு. அதுல என்ன எழுதுனாங்க? 1,150.

ஏன் 1,150? 1,200ஐத் தாண்டுனா 75 சதம்ல! என்ன ரோசனை, என்ன ரோசனை! பள்ளிக்கூடத்துல கணக்குல பெயிலான ஆளு, இந்த எடத்துல மட்டும் ராமானுசம் ஆயிட்டான்.

ஒரே ஊடுதான். அதே செங்கல்லு, அதே சிமிட்டி. பத்திரிகைக்கு ஒரு அளவு, பேங்குக்கு ஒரு அளவு, சம்பந்திக்கு ஒரு அளவு, சர்க்காருக்கு ஒரு அளவு. முன்பக்கம் ரெண்டு கடை போட்டு வாடகைக்கு விட்டிருக்கறாங்க, செல்போன் கடையும் சலூனும். பாரத்துல ‘சொந்தக் குடியிருப்பு’. அந்த சலூன்லதான் உங்கொப்பன் உக்காந்து, ‘நாட்டுல நேர்மையே இல்லீங்க’ன்னு சேவிங்கு பண்ணிக்குறான். அளக்க வந்தவரு கையிலயும் நாடா இருந்துச்சு. அதுல நம்பரு தேஞ்சு போச்சோ, அவருக்குக் கண்ணு மங்கிப் போச்சோ, நமக்கெதுக்கு அந்த வம்பு.

நம்ம மட்டும்னு நெனைக்காத. வெள்ளைக்காரன் சீமையிலயும் இதே கூத்துதான். இங்கிலாந்துல 1696ல சன்னலுக்கு வரி போட்டான். ஊட்டுல எத்தனை சன்னலோ அத்தனைக்குத் தக்கன வரி. சனம் என்ன பண்ணுச்சு? சன்னலைச் செங்கல்லு வச்சு அடைச்சுருச்சு. வரி மிச்சம், காத்து போச்சு, வெளிச்சம் போச்சு. சீக்கு வந்துச்சு. 1851ல அந்த வரியை எடுத்தான். அடைச்ச சன்னலு இன்னும் அங்கங்க நிக்குதாம், வெள்ளைக்காரன் போயி போட்டோ எடுக்குறான். நம்மாளு சன்னலை அடைக்கலை. அந்த மட்டுக்கும் கெட்டிக்காரன், பாரத்துல அளவை மட்டும் அடைச்சுப்புட்டான்.

கொஞ்ச நாளு முந்தி கோயமுத்தூருப் பக்கம் ட்ரோன் விட்டு ஊட்டை அளந்தாங்க. மேலருந்து பாத்தா மாடி தெரியுது, ஷெட்டு தெரியுது. அளவு எகிறிப் போச்சு. சனம் கூச்சல் போட்டுச்சு. கூச்சல்ல பாதி நாயம்தான். தகரக் கொட்டாயையும் தாவாரத்தையும் ஊட்டோட சேத்தா யாருக்கும் கோவம் வரத்தான் செய்யும். மீதிப் பாதி என்னன்னு உங்கொப்பனைக் கேளு.

இதுல நஷ்டம் சர்க்காருக்குன்னு நெனைக்கற. அதுதான் தப்பு. தெருக்கோடியில ஓட்டு ஊட்டுல ஒண்டியா இருக்குதே ஒரு கெழவி, அதுக்கு 400 சதுரடி. மறைக்கறதுக்கு அதுகிட்ட ஒண்ணுமில்லை. முழு 400க்கும் கட்டுது. முதியோர் பென்சன் வாங்கறதுலருந்து கட்டுது. நீங்க மறைச்ச 1,250 சதுரடிக்கும் சேத்துத்தான் அந்தக் கெழவி தெருவுல லைட்டு எரியாம கெடக்குது. உங்களுக்கு வாசல்லயே லைட்டு, மெம்பரு ஊடு பக்கத்துலல்ல.

சரி, இந்தக் காசு எங்கதான் போவுதுங்குற. அதைக் கேட்டியே, நல்ல புள்ள.

சேலத்துக்காரன் குழாயைத் தெறந்தா காவிரி வருது. மேட்டூர்லருந்து அது நடந்தா வருது? குழாய்ல தள்ளி விடறாங்க. நாமக்கல்லுக்கு மோகனூர்லருந்தும் ஜேடர்பாளையத்துலருந்தும் மோட்டார் போட்டு ஏத்துறாங்க. மோட்டாருக்கு கரண்டு பில்லு வருது. கரண்டு ஆபீசுல ‘நாங்க மாநகராட்சிங்க’ன்னா விட்டுருவாங்களா? அப்புறம் சம்பளம், பென்சன், குப்பை வண்டி, பழைய கடனுக்குத் தவணை. வந்த காசு வாசல்லயே பங்கு பிரிஞ்சு போவுது. மிச்சத்துலதான் உன் ரோடு.

முந்தி சேலம் குடிச்சது பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணி. வெள்ளைக்காரன் காலத்து ஏரி, ஊருக்கே சொந்தம். காவிரி வந்ததும் ஏரியை மறந்தாங்க. சீமைக்கருவேல மரம் காடா வளந்து போச்சு. ஊருக்கு நடுவால ஓடுன திருமணிமுத்தாறு கதையும் அதுதான். பேருல முத்து இருக்குது, மூக்கைப் புடிக்காம பாலத்தைத் தாண்ட முடியாது. இருந்த சொத்தைக் காப்பாத்தாம, புதுசுக்குப் புதுசுக்குன்னு கேக்கறது ஆபீசு மட்டும் செய்யற வேலையா? ஏரியில முள்ளு வளந்தப்ப நம்மளும் அங்க வெறகுதானே வெட்டுனோம்.

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காத. உன் வரியில நூலக வரின்னு ஒண்ணு இருக்குது. ரூவாய்க்கு 10 காசு. 1948ல போட்ட சட்டம், நாடு சுதந்திரம் வாங்கி அடுத்த வருசம். நீ பொறந்ததுலருந்து உங்க ஊடு அதைக் கட்டுது. லைப்ரரி எந்தத் தெருவுல இருக்குது சொல்லு பாக்கலாம்? ஓட்டல்ல காசு குடுத்த இட்லியை எவனாச்சும் தின்னாம வருவானா? நீ வந்திருக்கற. எனக்குத் தெரிஞ்சு அந்த வரியில லாபம் பாத்தது பேப்பர் படிக்கற நாலு பெருசுங்கதான். பேனுக்கு அடியில நல்ல தூக்கம் வேற.

நாமக்கல்லு மாநகராட்சி ஆன கதையைச் சொல்லாம விட்டா நாமக்கல்லுக்காரங்க கோவிச்சுக்குவாங்க. 2024ல ஆச்சு. சுத்தி இருந்த 12 ஊராட்சியைச் சேத்தாங்க. பட்டாசு என்ன, லட்டு என்ன! சேர்மன் மேயர் ஆனாரு, நகராட்சி போர்டை எறக்கி மாநகராட்சி போர்டை ஏத்துனாங்க. கொசுவுக்குச் சேதி எட்டலை போலிருக்குது, அது பழைய மாதிரியே கடிச்சுது.

ஓரத்து ஊருக்காரங்க மொகத்தைப் பாக்கணுமே. வரப்புல நின்னுக்கிட்டு இருந்தவன் ராத்திரியோட ராத்திரியா மாநகரவாசி. ஊராட்சியில கட்டுன வரி கம்மி, டவுன்ல எச்சு. நூறு நாள் வேலை கிராமத்துக்குத்தான் இருந்துச்சு, டவுனுக்கு இல்லை. அதுவும் போயிருமேன்னு பொம்பளைங்க மனுவைத் தூக்கிக்கிட்டு கலெக்டர் ஆபீசுக்கு நடந்தாங்க. நாயமான வெசனம் அது. ஆனா அதே ஊர்ல நெலம் வச்சிருந்தவன் மொகத்தையும் பாக்கணுமே. கடலைக்காட்டுக்கு நாலு பக்கமும் கல்லு நட்டு, ‘மாநகராட்சி எல்லைக்குட்பட்ட மனைகள்’னு பேனர் கட்டிட்டான். மனை விக்கறப்ப மாநகரம். காலிமனை வரி நோட்டீசு வந்தா மட்டும், ‘நாங்க பட்டிக்காட்டு சனங்க சாமி’. போர்டு மாத்துனா பவுசு வந்துரும்னு ஆபீசு நெனச்சா, பவுசு வேணும் வரி வேண்டாம்னு ஊரு நெனைக்குது. நல்ல பொருத்தம். பத்துக்குப் பத்து.

போர்டுன்னதும் நெனப்பு வருது. சேலம் 1866லயே முனிசிபாலிட்டி. மாநகராட்சி ஆனது 1994ல. நடுவால 1917லருந்து 1919 வரைக்கும் அங்க சேர்மனா இருந்தது யாரு தெரியுமா? ராஜாஜி. பின்னால நாட்டுக்கே கவர்னர் செனரல் ஆனவரு. அதே காலத்தை ஒட்டி ஈரோட்டுக்கு சேர்மன் பெரியாரு. ரெண்டு பேரும் சிநேகிதங்க, ரெண்டு பேரும் பின்னால எதிரும் புதிருமா நின்னாங்க, ஆனா ரெண்டு பேரும் ஆரம்பிச்சது சாக்கடையும் குடிதண்ணியும் பாத்துத்தான். ராஜாஜி சேர்மனா இருந்த காலத்துலதான் சேலம் நகராட்சிக்கு மொத தலித் மெம்பரு வந்தாரு. இன்னிக்கு வார்டு மெம்பரா வந்தவருக்கு மொத மாசமே எம்எல்ஏ கனவு வருது. சாக்கடை எப்படி கண்ணுல படும்?

மெம்பரே இல்லாமயும் ஊரு ஓடுச்சுன்னு உனக்குத் தெரியுமா? 2016 அக்டோபர்ல பழைய மன்றத்துக்கு காலம் முடிஞ்சுது. 2022 பிப்ரவரியிலதான் தேர்தல் நடந்துச்சு. அஞ்சு வருசத்துக்கு மேல தனி அலுவலர்தான் எல்லாம். பட்ஜெட்டும் அவரே போட்டு, அவரே பாத்து, அவரே பாஸ் பண்ணுவாரு. வெளிநடப்பு கெடையாது, வெளிநடக்க ஆளு வேணும்ல? ஓரியாட்டமே இல்லாம நிம்மதியா இருந்துச்சேங்குற. இருந்துச்சு. உன் தெரு லைட்டு எரியலைன்னா யாரைப் போயித் திட்டறதுன்னு கூட தெரியாத நிம்மதி. திட்டறதுக்கு ஒரு ஆளு வேணும் கண்ணு. அதுக்குத்தான் தேர்தலு.

இதுக்கெல்லாம் நம்ம பெருசுங்க ஆயிரம் வருசம் முந்தியே வழி வச்சிருந்தாங்க. உத்திரமேரூர்ல கல்லுல வெட்டி வச்சிருக்குது, பராந்தக சோழன் காலத்துல. குடவோலை எடுத்து மெம்பரைப் பொறுக்குனாங்க. நிக்கறவனுக்கு வரி கட்டற நெலம் கால் வேலிக்கு மேல இருக்கணும், சொந்த மனையில ஊடு கட்டியிருக்கணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள. அதை விடு. முக்கியமான சரத்தைக் கேளு. முன்னால வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவன் நிக்கக்கூடாது. அவன் மட்டுமில்ல, அவன் ஒறம்பறையும் நிக்கக்கூடாது! அண்ணன் தம்பி, மாமன் மச்சான், சித்தி மவன், அத்தனை பேரும் வெளியில. இன்னிக்கு அந்தச் சரத்தைப் போட்டா மன்றத்துல நாற்காலிதான் உக்காந்திருக்கும். (அந்தக் காலத்துலயும் எல்லாரும் நிக்க முடியாது. பொம்பளை நிக்க முடியாது, நெலமில்லாதவன் நிக்க முடியாது. பழசெல்லாம் தங்கம்னு நாஞ்சொல்ல மாட்டேன். கணக்குச் சரத்து மட்டும் தங்கம்.)

அந்தச் சரத்து எங்கயும் போவலை. நம்ம ஊரு மாரியம்மன் கோயில்ல உக்காந்திருக்குது. நோம்பிக்கு தலைக்கட்டு வரி போடறோம்ல, அதைப் பாத்திருக்கறியா? ஊர் கூடி உக்காந்து, இந்த வருசம் தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு பேசுவோம். அதுலயும் சண்டை வரும். ‘போன வருசத்தை விட எதுக்கு எச்சு?’ன்னு ஒருத்தன் எந்திரிப்பான். ‘பந்தக்காரன் ஏத்திட்டான், மேளக்காரன் ஏத்திட்டான்’னு ஊர்க்கவுண்டரு சொல்லுவாரு. சரின்னு உக்காருவான். கட்டாதவன் பேரு கூட்டத்துல படிக்கப்படும், பொண்டாட்டி முன்னால. நோம்பி முடிஞ்சு மஞ்சத்தண்ணி காயறதுக்குள்ள கணக்கு வாசிக்கணும். தேங்கா எத்தனை, கற்பூரம் எத்தனை, கூழுக்குக் கம்பு எத்தனை படி. கணக்குல பத்துரூவா ஒதைச்சா விடிய விடிய கூட்டம். பொறுப்புல இருந்தவன் கைக்காசைப் போட்டு நேர் பண்ணிப்புட்டுத்தான் எந்திரிக்கணும்.

அந்தக் கூட்டத்துல உங்கொப்பனைப் பாத்திருக்கறேன். புலி! ‘கற்பூரம் ஆறு பாக்கெட்டுன்னு எழுதியிருக்கு, நாலுதான கொளுத்துனீங்க?’ன்னு கேட்டான். ஊரே அசந்து போச்சு. அதே ஆளு டவுனு பட்ஜெட்டுல எத்தனை கோடி எங்க போச்சுன்னு ஒரு நாளாச்சும் வாயைத் தெறந்திருக்கறானா? கற்பூரத்துக்குக் கண்ணு தெரியுது, கான்ட்ராக்டுக்குத் தெரியலை. அங்க அளவை மறைச்சு எழுதிப்புட்டு வந்தவன், எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அளவு கேப்பான்? அதுதான் கண்ணு முடிச்சு. ஆபீசுக்கும் அது தெரியும். நீ 1,150 எழுதறவரைக்கும் அவங்களும் நிம்மதியா உத்தேசம் எழுதலாம்.

உத்தேசம்னதும் ஒண்ணு சொல்லிக் குடுத்துட்டுப் போறேன். பட்ஜெட்டு புஸ்தகத்துல மூணு கட்டம் இருக்கும். மொதக் கட்டம் போன வருசம் நெசமா வந்தது, போனது. ரெண்டாவது இந்த வருசத்துத் திருத்தின மதிப்பீடு. மூணாவது வாற வருசத்துக்கு உத்தேசம். மேடையில வாசிக்கறது பூரா மூணாவது கட்டம். அதுல பாலம் இருக்கும், பூங்கா இருக்கும், ஏரியில படகு கூட ஓடும். உபரி பட்ஜெட்டுன்னு தட்டுவாங்களே, அந்த உபரியும் அந்தக் கட்டத்துலதான் குடியிருக்கும். நீ அதைப் பாக்காத. மொதக் கட்டத்தைப் பாரு. போன வருசப் புஸ்தகத்தையும் எடுத்து பக்கத்துல வச்சுக்க. ரோட்டுக்கு எவ்வளவுன்னு சொன்னாங்க, எவ்வளவு செலவாச்சு? வரிபாக்கி எவ்வளவு, அதுல வசூலானது எவ்வளவு? கடை ஏலம் எடுத்தவங்க வாடகைபாக்கி எவ்வளவு? இதுக்கு நீ சிஏ படிக்க வேண்டியதில்லை. மளிகைக் கடை நோட்டு பாக்கத் தெரிஞ்சாப் போதும்.

பாத்துட்டு என்ன பண்ணறதுங்குற. நவம்பர் 1 உள்ளாட்சி தினம். 2022ல அன்னிக்குத்தான் வார்டுக்குள்ள பகுதி சபா கூட்டம்னு ஆரம்பிச்சாங்க. நாற்காலி போட்டிருக்கும், டீ உண்டு, பிஸ்கோத்து உண்டு. வர்றது மெம்பரும், மெம்பரு கூட வர்ற நாலு பேரும், பிஸ்கோத்துக்கு வர்ற பொடுசுங்களும். காலி நாற்காலியைப் பாத்து எவன் பயப்படுவான்? ஒனக்கு அன்னிக்கு என்ன சோலி? புதுப்படம்.

ஆவ, ஏப்ரல் 30க்குள்ள உங்கொப்பனைக் கூட்டிக்கிட்டுப் போயி வரியைக் கட்டு. ஆன்லைன்ல கட்டறேன்னாலும் சரி. 5 சதம் கழிச்சுக்க, விட்டுறாத. கட்டறதுக்கு முந்தி நாடாவை எடுத்து ஊட்டை நீயே ஒரு தடவை அள. சம்பந்திக்குச் சொன்ன 3,000 வேண்டாம், பாரத்துல எழுதுன 1,150ம் வேண்டாம். இருக்கறதை எழுது. எழுதிப்புட்டு ரசீதை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு, அடுத்த பகுதி சபாவுக்கு வந்து எம்பக்கத்துல உக்காரு. நம்ம வார்டுல போன வருசம் எவ்வளவு வசூலாச்சு, எவ்வளவு செலவாச்சுன்னு நீ கேளு. எனக்குப் பல்லில்லை, நாங்கேட்டா அவங்களுக்குப் புரியலைன்னுருவாங்க.